உயர்த்தப்பட்ட பிக்கப் டிரக்கில் டயர் உரசல்

டயர் உரசல் என்பது, ஓடும் வாகனத்தின் டயர் அதன் உடற்பகுதி, சேஸிஸ் அல்லது சஸ்பென்ஷன் பாகங்களில் படுவதைக் குறிக்கும். சஸ்பென்ஷன் உயர்த்தப்பட்டு, ஆலையிலிருந்து வந்ததைவிடப் பெரிய டயர்கள் பொருத்தப்பட்ட பிக்கப் டிரக்குகளில் இது மிகப் பரவலாகக் காணப்படும் குறைபாடாகும். வட அமெரிக்காவில் பிக்கப் டிரக்குகளை உயர்த்திக்கொள்வது நெடுங்கால வழக்கம். கற்பாதைகளிலும் சேற்றிலும் பனியிலும் செல்வதற்காகச் சிலரும், தோற்றத்திற்காகவே சிலரும் இதைச் செய்கின்றனர். இரு சாராரும் சந்திக்கும் பொதுச் சிக்கல் டயர் உரசலே.

உரசல் வெறும் ஓசைத் தொல்லை மட்டுமன்று. கூரான உலோக விளிம்பில் தொடர்ந்து உரசும் டயரின் பக்கச்சுவர் அறுபடலாம். பக்கச்சுவரில் ஏற்படும் வெட்டைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில் அந்த டயர் வெடித்தால் வாகனம் கட்டுப்பாட்டை இழக்கும். சக்கரக் குழிக்குள் செல்லும் பிரேக் குழாய், சக்கர வேக உணரியின் கம்பி ஆகியவையும் டயர் பட்டு அறுந்துபோகக்கூடும். ஆகவே எங்கே, எப்போது, ஏன் உரசுகிறது என்று அறிந்து சரிசெய்வது அவசியமாகிறது.

இக்கட்டுரை, அமெரிக்காவில் பெருமளவில் உயர்த்தப்படும் வாகனங்களுள் ஒன்றான டொயோட்டா டகோமாவின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை (2005 முதல் 2023 வரையிலான மாடல்கள்) வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. இவற்றின் முன்புறத்தில் இரட்டை ஆர்ம் கொண்ட தனித்தியங்கும் சஸ்பென்ஷனும், பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங்குகளும் உள்ளன. இதே அமைப்புள்ள பிற பிக்கப் டிரக்குகளுக்கும் இங்குள்ள விளக்கங்கள் பெரும்பாலும் பொருந்தும்.

உயர்த்தும் முறைகள்

பிக்கப் டிரக்கை உயர்த்த இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன.

சஸ்பென்ஷன் லிஃப்ட்: சக்கரத்திற்கும் சேஸிஸுக்கும் இடையிலான தொலைவைக் கூட்டுவது. முன்புற ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியில் ஒரு தடிமனான வளையத்தை வைப்பது, நீளமான காயில் ஸ்பிரிங் பொருத்துவது, சஸ்பென்ஷன் முழுவதையும் கீழிறக்கும் தாங்கிகளைப் பொருத்துவது எனப் பல வகைகள் உண்டு. டகோமா போன்ற வண்டிகளில் வழக்கமாக 2 முதல் 3 அங்குலம் வரை உயர்த்துவர்.

பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் அதன்மேல் அமர்ந்துள்ள கேபினுக்கும் இடையில் கட்டைகளை வைத்து உடற்பகுதியை மட்டும் தூக்குவது. இதில் சஸ்பென்ஷன் மாறுவதில்லை.

இந்த வேறுபாடு உரசலைப் புரிந்துகொள்ள முக்கியமானது. உரசல் பற்றிய பெரும்பாலான தவறான எண்ணங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் எழுகின்றன.

உயர்த்திய பிறகும் ஏன் உரசுகிறது?

"வண்டியை உயர்த்தினால் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும்" என்பது பாதி உண்மை மட்டுமே. சஸ்பென்ஷன் லிஃப்ட் செய்த வண்டி சமதளத்தில் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இடைவெளி கூடுதலாகத் தெரியும். ஆனால் வண்டி பெரிய பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலேறிக்கொண்டே போய், பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்த் தடுப்பில் மோதித்தான் நிற்கும். சக்கரம் ஏறக்கூடிய உச்ச இடத்தைத் தீர்மானிப்பது இத்தடுப்பே. பம்ப் ஸ்டாப் மாறாதவரை, உயர்த்துவதற்கு முன் சக்கரம் எவ்வளவு மேலேறியதோ, உயர்த்திய பின்னும் அவ்வளவு மேலேறும். எனவே நிற்கும்போது உரசாத டயர், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது உரசுகிறது.

பாடி லிஃப்டில் நிலைமை வேறு. உடற்பகுதியே மேலே போய்விடுவதால் மட்கார்டுக்கான இடைவெளி எல்லா நிலையிலும் கூடுகிறது. ஆனால் சேஸிஸோடு இணைந்த பாகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றில் படும் உரசல் இதனால் தீராது.

மூன்றாவது காரணம், திருப்பும்போது டயர் வரையும் வளைவு. முன்சக்கரம் தன் மையத்தைச் சுற்றித் திரும்புவதில்லை. மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளை இணைக்கும் கற்பனைக் கோட்டை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. டயரின் நடுப்பகுதி அந்த அச்சுக்கு வெளியே இருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் முழுவதும் முன்னோ பின்னோ நகர்கிறது. இடது முன்சக்கரத்தை எடுத்துக்கொண்டால், இடப்பக்கம் திருப்பும்போது அது சற்றுப் பின்னோக்கியும், வலப்பக்கம் திருப்பும்போது சற்று முன்னோக்கியும் செல்லும். வலது சக்கரத்திற்கு இது தலைகீழாகும்.

நான்காவது காரணம், உயர்த்துவதால் மாறும் சக்கரக் கோணங்கள். முன்புறத்தை உயர்த்தும்போது கேஸ்டர் கோணம் குறைகிறது. திருப்பும் அச்சு பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பின்சாய்ந்துள்ளது என்பதே கேஸ்டர் ஆகும். இதைச் சரிசெய்யும் முறையைப் பொறுத்துச் சக்கரம் குழிக்குள் முன்னோ பின்னோ இடம் மாறுகிறது.

டயர் அளவுகளும் கணக்கும்

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களிலிருந்தே அதன் விட்டத்தைக் கணக்கிடலாம். 265/70 ஆர் 16 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ.; ரிம்மின் விட்டம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் இரு மடங்காக்கிக் கூட்டினால் மொத்த விட்டம் 777.4 மி.மீ. (சுமார் 30.6 அங்குலம்). டகோமாவின் சில வகைகளில் ஆலையிலிருந்தே வரும் அளவு இது.

உரிமையாளர்கள் பலர் இதற்கு மாற்றாக 285/70 ஆர் 17 பொருத்துகின்றனர். பேச்சுவழக்கில் இது "33 அங்குல டயர்" எனப்படுகிறது. இதன் பக்கச்சுவர் 199.5 மி.மீ.; மொத்த விட்டம் 830.8 மி.மீ. (சுமார் 32.7 அங்குலம்). இரண்டையும் ஒப்பிட்டால்:

ஆர வேறுபாடு: சுமார் 27 மி.மீ.
அகல வேறுபாடு: 20 மி.மீ. (இரு பக்கமும் 10 மி.மீ. வீதம்)

இத்துடன் பலர் ரிம்மையும் மாற்றுகின்றனர். ரிம்மின் ஆஃப்செட் என்பது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் அமரும் தளம் எவ்வளவு தள்ளியுள்ளது என்பதைக் குறிக்கும். அத்தளம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் நேர்ம ஆஃப்செட். அப்போது சக்கரம் உள்ளடங்கி அமரும். ஆஃப்செட் +30 மி.மீ. உள்ள ரிம்மைக் கழற்றி 0 மி.மீ. உள்ள ரிம்மை மாட்டினால் சக்கரம் 30 மி.மீ. வெளியே தள்ளப்படும்.

முன்சக்கரம் 35 பாகை திரும்பினால் என்னவாகும் என்பதை எளிய கோணவியல் கொண்டு மதிப்பிடலாம். டயரின் பின்புற வெளி ஓரம் கேபினை நோக்கி எவ்வளவு கூடுதலாக நகர்கிறது என்பதே கேள்வி.

ஆரம் கூடியதால்: 27 × கொசைன் 35° = சுமார் 22 மி.மீ.
அகலம் கூடியதால்: 10 × சைன் 35° = சுமார் 6 மி.மீ.
ஆஃப்செட் குறைந்ததால்: 30 × சைன் 35° = சுமார் 17 மி.மீ.

ஆக மொத்தம் சுமார் 45 மி.மீ. இதில் 17 மி.மீ. டயரால் வந்ததன்று, ரிம்மால் வந்தது. அதே பெரிய டயரைப் பழைய ஆஃப்செட்டுடன் மாட்டியிருந்தால் 28 மி.மீ. மட்டுமே கூடியிருக்கும். "டயர் பெரிதாக இருப்பதால் உரசுகிறது" என்று நினைத்து உலோகத்தை வெட்டத் தொடங்குபவர்கள் பலருக்கு உண்மையான சிக்கல், வெளியே துருத்தி நிற்கும் ரிம்மிலோ சக்கரத்தில் மாட்டிய ஸ்பேசரிலோ இருக்கிறது.

உரசும் இடங்கள்

மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக் உறை: மிகப் பொதுவான இடம். மென்மையான பொருள் என்பதால் டயருக்குச் சேதம் குறைவு. ஆயினும் உறை கிழிந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும்.

முன் பம்பரின் கீழ்விளிம்பும் மண்தடுப்பு ரப்பர்களும்: திருப்பும்போது டயரின் முன் ஓரமோ பின் ஓரமோ இவற்றில் படும்.

உலோக மடிப்பு விளிம்பு: பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், சக்கரக் குழியின் பின்பகுதியில் இரு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட விளிம்பு துருத்தி நிற்கும். உறை தேய்ந்தபின் டயர் இதில் படும்.

கேபின் தாங்கி: சேஸிஸிலிருந்து வெளியே நீண்டு கேபினின் முன்மூலையைத் தாங்கும் எஃகுத் தாங்கி. டகோமாவில் 33 அங்குல டயர் உரசும் இடங்களில் அதிகம் பேசப்படுவது இதுவே. தடித்த எஃகு என்பதால் டயரை அறுக்கும் ஆற்றல் மிகுதி.

அப்பர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், சேஸிஸ்: டயரின் உட்பக்கம் இவற்றில் படும். ரிம் மிகவும் உள்ளடங்கியிருந்தாலோ டயர் மிக அகலமாக இருந்தாலோ இது நேரும்.

பின்சக்கரக் குழி: சுமை ஏற்றும்போதோ, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பாறையில் ஏறும்போதோ டயர் குழியின் மேற்பகுதியில் அல்லது லீஃப் ஸ்பிரிங்கில் படலாம்.

கண்டறிதல்

எந்தத் தீர்வையும் தொடங்கும் முன் உரசும் இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டும். ஓசையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பிளாஸ்டிக்கில் படும் மெல்லிய உரசல் அதிக ஓசை எழுப்பும், எஃகில் படும் ஆபத்தான உரசல் சில வேளை கேட்காமலே போகும்.

1. டயரின் இரு ஓரங்களையும் பக்கச்சுவரையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பளபளப்பான வளையத் தடம், கீறல், ரப்பர் உதிர்ந்த இடம் ஆகியவை உரசலின் அறிகுறிகள். நூலிழை வெளியே தெரியும் அளவுக்கு வெட்டு இருந்தால் அந்த டயரை உடனே மாற்ற வேண்டும்.

2. சக்கரக் குழிக்குள் பெயின்ட் போன இடம், கருமையான ரப்பர்த் தடம், பிளாஸ்டிக் உருகியது போன்ற பகுதி ஆகியவற்றைத் தேட வேண்டும்.

3. சந்தேகமான இடங்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து அல்லது காகித நாடா ஒட்டி, காலியான திறந்தவெளியில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு இடப்பக்கம், முழு வலப்பக்கம் என இருவிதமாகவும், முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். வேகம் பிடிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆர்ம்களிலுள்ள ரப்பர் புஷ்கள் அமுங்கி, சக்கரம் சில மி.மீ. இடம்பெயரும். ஆகவே ஒரு திசையில் படாதது மறு திசையில் படலாம்.

4. ஒரு முன்சக்கரத்தை மட்டும் சாய்தளத்தில் ஏற்றி சஸ்பென்ஷனை அமுக்கி, அந்நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் காணாத உரசல்கள் இங்கே வெளிப்படும்.

5. இடைவெளி மிகக் குறைவாக உள்ள இடத்தில் சிறுவர் விளையாடும் களிமண்ணை ஒட்டி ஓட்டினால், அது எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து எஞ்சிய இடைவெளியை அளக்கலாம்.

கண்டறிந்ததைக் குறித்துக்கொள்வது பயன் தரும்: எந்தச் சக்கரம், எந்த ஓரம், எந்தப் பாகம், எந்தப் பக்கம் திருப்பும்போது, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலா நிற்கும் நிலையிலா. இவ்வைந்தும் தெரிந்தால் தீர்வு பெரும்பாலும் தானே புலப்படும்.

தீர்வுகள்

தீர்வுகளைத் திரும்பப் பெறக்கூடியவற்றிலிருந்து தொடங்கி, திரும்பப் பெற முடியாதவற்றை இறுதியில் கையாள்வது நல்ல முறையாகும். வெட்டிய எஃகைப் பழையபடி ஆக்குவது கடினம். திருகிய போல்ட்டைத் திரும்பத் திருகிவிடலாம்.

வீல் அலைன்மென்ட்

டகோமாவின் லோயர் ஆர்ம், சேஸிஸில் இணையும் இடத்தில் மையம் விலகிய வட்டு கொண்ட இரு போல்ட்டுகள் உள்ளன. அவற்றைத் திருப்பினால் ஆர்ம் இடம் மாறும். சக்கரம் முன்னோக்கி நகரும்படி இவற்றை அமைத்தால் இரண்டு நன்மைகள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன: உயர்த்தியதால் குறைந்த கேஸ்டர் மீண்டும் கூடுகிறது, கேபின் தாங்கிக்கும் டயருக்கும் இடையே இடைவெளி பிறக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கேஸ்டரைக் கூட்ட இரு வழிகள் உள்ளன: கீழ் பால் ஜாயின்ட்டை முன்னே தள்ளுவது அல்லது மேல் பால் ஜாயின்ட்டைப் பின்னே இழுப்பது. முதலாவது சக்கரத்தைக் கேபினிலிருந்து விலக்கும். இரண்டாவதில் கேஸ்டர் கூடினாலும் அந்த விலகல் கிடைக்காது. ஆகவே அலைன்மென்ட் செய்பவரிடம் கோண எண்களை மட்டும் சொல்லாமல், "சக்கரம் முடிந்தவரை முன்னே வர வேண்டும்" என்பதையும் சொல்ல வேண்டும். அளவு மீறி முன்னே தள்ளினால் உரசல் பம்பர் பக்கம் இடம்மாறும் என்பதால், இரு பக்கமும் சமநிலை காண வேண்டும்.

பிளாஸ்டிக் பாகங்கள்

மண்தடுப்பு ரப்பர்களில் மட்டும் படுமானால் அவற்றைக் கழற்றிவிட்டாலே போதும். மண்தடுப்பு கட்டாயமான மாநிலங்களில் மட்டும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்புற உறையில் படுமானால், வெப்பக் காற்று வீசும் கருவியால் அப்பகுதியை மென்மையாகும் வரை சூடாக்கி, தடித்த கையுறை அணிந்து பின்னோக்கி அழுத்திப் பிடித்து ஆறவிட வேண்டும். உறைக்குப் பின்னால் கம்பிகள் செல்கின்றனவா என்று முன்னதாகவே பார்ப்பது அவசியம். பம்பரின் பிளாஸ்டிக் விளிம்பைக் கூரான கத்தியால் சிறிது சிறிதாக வெட்டலாம். ஒரேயடியாக அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட இயலாது.

ரிம்மும் ஸ்பேசரும்

டயரின் உட்பக்கம் அப்பர் ஆர்மில் படுமானால் சக்கரத்தை வெளியே தள்ளுவது தீர்வாகும். குறைந்த ஆஃப்செட் உள்ள ரிம் அல்லது ஸ்பேசர் இதற்குப் பயன்படும். வெளிப்பக்கமோ கேபின் தாங்கியோ படுமானால் இதற்கு நேர்மாறாக, கூடுதல் ஆஃப்செட் உள்ள ரிம்மே தீர்வு. உட்பக்கச் சிக்கலுக்குரிய மருந்தை வெளிப்பக்கச் சிக்கலுக்குக் கொடுப்பது இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறு. ஸ்பேசர் வைப்பதானால் ஹப்பின் நடுவட்டத்தில் கச்சிதமாக அமரும் வகையையே தேர்ந்தெடுத்து, நட்டுகளைக் குறிப்பிட்ட அளவு இறுக்கி, 50 முதல் 100 மைல் ஓடிய பின் மீண்டும் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

பம்ப் ஸ்டாப்பும் திருப்புத் தடுப்பும்

சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது மட்டும் உரசுமானால், பம்ப் ஸ்டாப்பின் நீளத்தைக் கூட்டி சக்கரம் ஏறும் உயரத்தைக் குறைக்கலாம். இதற்கான விலை, சஸ்பென்ஷன் அசைவு குறைந்து மேடு பள்ளங்களில் வண்டி கடினமாகக் குலுங்குவது. திட அச்சு கொண்ட பல வாகனங்களில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் போல்ட்டுகள் உள்ளன. அவற்றைக் கூட்டினால் முழுத் திருப்பத்தில் படும் உரசல் நிற்கும்; ஆனால் வண்டி வளைய அதிக இடம் தேவைப்படும்.

மடிப்பு விளிம்பைத் தட்டுதல்

பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, துருத்தி நிற்கும் உலோக மடிப்பைக் கனமான சுத்தியலால் உட்புறமாகத் தட்டி மடக்கலாம். தட்டியதில் பெயின்ட் உரிந்த இடத்தைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சும் இணைப்பு அடைப்புப் பசையும் பூச வேண்டும். குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் பகுதிகளில் இதைச் செய்யாமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே துரு உள்ளே புகுந்துவிடும்.

கேபின் தாங்கியை வெட்டுதல்

மேற்கண்டவை போதாதபோது, கேபின் தாங்கியின் முன்மூலையை வெட்டியெடுத்து, திறந்த முகப்பை எஃகுத் தகட்டால் மூடிப் பற்றவைக்கின்றனர். இது பரவலான முறை என்றாலும் எளிதாக எண்ணத்தக்கதன்று. அத்தாங்கி கேபினின் எடையைச் சேஸிஸுக்குக் கடத்துகிறது. விபத்தின்போது கேபின் இடம்பெயராமல் பிடித்துக்கொள்வதிலும் அதற்குப் பங்குண்டு. வெட்டிவிட்டு மூடாமல் விடுவது தாங்கியை வலுவிழக்கச் செய்யும். எனவே தேவையான அளவு மட்டுமே வெட்ட வேண்டும். நடுவிலுள்ள போல்ட்டையும் ரப்பர் மெத்தையையும் தாங்கும் பகுதியைத் தொடக்கூடாது. பற்றவைப்பை அனுபவமுள்ளவரிடம் விட வேண்டும். பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அருகில் செல்லும் எரிபொருள், பிரேக் குழாய்களையும் கம்பிகளையும் தீயிலிருந்து காக்க வேண்டும். முடிவில் உள்ளும் வெளியும் துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும்.

சிறிய டயர்

பலரும் இறுதியாகக்கூட எண்ணிப் பார்க்காத தீர்வு இது. 265/70 ஆர் 17 டயரின் விட்டம் 802.8 மி.மீ. (சுமார் 31.6 அங்குலம்). 33 அங்குல டயரைவிட ஆரத்தில் 14 மி.மீ. குறைவு, அகலத்தில் 20 மி.மீ. குறைவு. மிதமாக உயர்த்திய டகோமாவில் ஆலை ஆஃப்செட்டுக்கு நெருங்கிய ரிம்மில் இது மாட்டப்படும்போது கேபின் தாங்கியை வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. வாகனம் உண்மையில் எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்து இதுவே சிறந்த முடிவாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பு

சக்கரத்தைக் கழற்றி வேலை செய்யும்போது வண்டியை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தக்கூடாது. சமமான கெட்டித் தரையில், சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். காயில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மிகுந்த விசையைத் தேக்கி வைத்திருக்கும். உரிய கருவியின்றி ஷாக் அப்சார்பரைப் பிரிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். எஃகை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வேலைக்குப் பின் செய்ய வேண்டியவை

உரசல் நின்றதும் வேலை முடிந்துவிடுவதில்லை. முதலில், கண்டறிதலில் செய்த சோதனைகளை எல்லா நிலைகளிலும் மீண்டும் செய்ய வேண்டும். வழக்கமாக ஏற்றும் சுமையுடனும் ஒருமுறை பார்க்க வேண்டும். பனிச் சங்கிலி மாட்டும் பகுதிகளில் அதற்கும் கூடுதல் இடைவெளி தேவை.

அடுத்து, வேகமானி. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் கூடும். 265/70 ஆர் 16 டயருக்கு அமைக்கப்பட்ட வேகமானி மணிக்கு 60 மைல் காட்டும்போது, 285/70 ஆர் 17 டயருடன் வண்டி உண்மையில் சுமார் 64 மைல் வேகத்தில் செல்லும். பல வாகனங்களில் இதைக் கணினிவழி திருத்தலாம்.

அமெரிக்காவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான எல்லா இலகு ரக வாகனங்களிலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாக உள்ளது. ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் உள்ளது என்ற தகவலை நம்பியே இது இயங்குகிறது. ஆகவே அலைன்மென்ட் மாற்றியபின் ஸ்டீயரிங் கோண உணரியைச் சுழிநிலைப்படுத்த வேண்டி வரலாம். முன்புறக் கேமராவும் ரேடாரும் உள்ள புதிய வண்டிகளில் உயர்த்தியபின் அவற்றையும் திரும்பச் சீர்படுத்த வேண்டி வரலாம்.

பெரிய டயர்கள் எடை மிகுந்தவை. அவற்றைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் தேவை. எனவே நிற்கும் தூரம் கூடும், எரிபொருள் சிக்கனம் குறையும், பால் ஜாயின்ட்டுகளும் வீல் பேரிங்குகளும் விரைவில் தேயும். இவற்றுக்கு ஏற்ப ஓட்டும் முறையையும் பராமரிப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டம்

அமெரிக்காவில் உயர்த்தும் அளவுக்கு நாடு முழுவதற்குமான ஒரே வரம்பு இல்லை. பம்பரின் உயரம், முகப்பு விளக்கின் உயரம், டயரை மட்கார்டு மூட வேண்டிய அளவு ஆகியவற்றை மாநிலங்கள் தத்தம் சட்டங்களில் வரையறுக்கின்றன. குறைந்த ஆஃப்செட் ரிம்மாலோ ஸ்பேசராலோ டயர் வெளியே துருத்தினால், டயரை மூட வேண்டும் என்று கோரும் மாநிலங்களில் வண்டி விதிமீறலுக்கு உள்ளாகும். மட்கார்டில் கூடுதல் ஓரப்பட்டை பொருத்தி இதைத் தீர்க்கின்றனர். கூட்டாட்சிச் சட்டம், கட்டாயமான பாதுகாப்பு அமைப்புகளைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக்கூடாது என்று தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் பழுதுபார்ப்பு நிறுவனங்களையும் தடுக்கிறது. தன் வண்டியில் தானே வேலை செய்யும் உரிமையாளரை அத்தடை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த அமைப்பு செயலிழந்த வண்டியில் பயணம் செய்பவர் அவரும் அவரது குடும்பத்தினருமே.

சுருக்கம்

பிளாஸ்டிக் உறையிலோ மண்தடுப்பிலோ உரசினால்: சூடாக்கி அழுத்துதல், வெட்டுதல், கழற்றுதல்.

கேபின் தாங்கியில் உரசினால்: முதலில் சக்கரத்தை முன்னே நகர்த்தும் அலைன்மென்ட், பின் ரிம்மின் ஆஃப்செட், இறுதியாகவே வெட்டுதல்.

மடிப்பு விளிம்பில் உரசினால்: தட்டி மடக்கிப் பூச்சிடுதல்.

அப்பர் ஆர்மில் உரசினால்: குறைந்த ஆஃப்செட் ரிம் அல்லது தரமான ஸ்பேசர்.

முழுவதும் அமுங்கும்போது மட்டும் உரசினால்: பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு; மட்கார்டில் மட்டும் படுமானால் பாடி லிஃப்ட்.

பல இடங்களில் ஒருசேர உரசினால்: டயர் அளவையே மறுபரிசீலனை செய்தல்.

டயரும் ரிம்மும் வாங்குவதற்கு முன்பே மேலே காட்டிய கணக்கைச் செய்து பார்ப்பவர்களுக்கு, இத்தீர்வுகளில் பெரும்பாலானவை தேவைப்படுவதில்லை.